சாக்கடையும் சுரங்கமும்

தட்டாஞ்சாவடி என்றால் புதுச்சேரிவாசிகளுக்கு முதலில் தொழிற்பேட்டையின் ஞாபகம் வரும். தேர்தல் காலமாயிருந்தால் சட்டசபைத் தொகுதியின் ஞாபகம் வரும். எனக்கோ சின்னாயாவின் ஞாபகந்தான் வரும். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்று அழைப்பது வழக்கம்; என் பாட்டிக்குத் தங்கையானபடியால் அவர் சின்னாயா. தொண்ணூறு பிராயத்தைத் தாண்டியவர். காது சற்று மந்தம். ஞாபக சக்தியில் மட்டும் மந்தம் கிடையாது.

சிங்கப்பூருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். வெளிநாட்டுக்குப் போகிறவனிடம் உற்றார் உறவினர் என்ன கேட்பார்கள் என்பது தெரிந்ததே. கோடாலித் தைலம் ஒரு டஜன் வேண்டும் என்பார்கள்; மிட்டாய் வேண்டும் என்பார்கள். சின்னாயா கேட்டது வேறு.

"ஏம்பா, அங்கே மலையைக் குடைஞ்சு வெள்ளைக்காரன் கட்டின வீடு ஒண்ணு இருக்காமே? யுத்தத்திலே அதுக்குள்ளேதான் ஒளிஞ்சிருந்தாங்களாமே? டி.வி.யிலே காட்டினாங்க. அதைப் போய்ப் பார்த்துட்டு வா. எங்களுக்கு அதிலே இடம் இருந்திருக்குமான்னு பார்த்துட்டு வா."

இந்தக் கேள்வி ஏன் பிறந்தது என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். சின்னாயாவின் தகப்பனார் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை பார்த்தவர். தஞ்சோங் பகார் பக்கத்தில் தொழிலாளர் குடியிருப்பில் குடித்தனம். 1941-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 8-ஆம் தேதி, பொழுது விடியுமுன் நாலேகால் மணிக்கு, ஜப்பானிய விமானங்கள் அந்நகரத்தின் மீது முதன் முதலாகக் குண்டு வீசிய போது சின்னாயாவுக்கு வயது எட்டு.

அன்று வந்த விமானங்கள் பதினேழு. மாண்டவர்கள் அறுபத்தொரு பேர். இதில் விசித்திரம் என்னவென்றால், விமானங்கள் தலைக்கு மேலே வந்து நின்ற போதும் நகரத்துத் தெரு விளக்குகள் ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தன! அணைப்பதற்கு ஆள் அகப்படவில்லை. கீழே விளக்கு, மேலே நிலா. பகைவனுக்கு வேறென்ன வேண்டும்? கிழக்கு நாடுகளிலேயே அசைக்க முடியாத கோட்டை என்று பெயர் வாங்கிய ஊர் இப்படித்தான் யுத்தத்திற்குள் பிரவேசித்தது.

அதற்குப் பிறகு அபாயச் சங்கு ஊதுவது நித்தியப்படி சமாசாரமாயிற்று.

"சங்கு ஊதினா அப்பா எங்களை ஒவ்வொருத்தரா தூக்கிச் சாக்கடையிலே இறக்குவார். எங்க உசரத்துக்கு அது ஆழம். அம்மா ஈயக் குண்டானைத் தம்பி தலையிலே கவுத்துப் பிடிச்சுக்குவாங்க. குண்டு விழுந்தா அந்தக் குண்டான் என்ன செய்யும்? ஆனா பிடிச்சுக்குவாங்க. ஒரு நாள் எதிர்ச் சாக்கடையிலே இறங்கினவங்க ஏறி வரலை."

இவ்வளவுதான் அவர் சொல்வார். எதிர்ச் சாக்கடையில் இறங்கியவர்கள் யார், எத்தனை பேர் என்று நான் சிறு பையனாயிருந்தபோது கேட்டிருக்கிறேன். பதில் வராது. "போய்ப் பால் அடுப்பிலே இருக்கா பாரு" என்று அனுப்பிவிடுவார்.

சிங்கப்பூரில் என் சிநேகிதர் ஒருவர் வீட்டில் தங்கினேன். சர்க்கார் கட்டிக் கொடுத்த அடுக்கு மாடிக் குடியிருப்பு. சமையலறைக்குப் பக்கத்தில் ஓர் அறை. அதன் கதவைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். இரும்புக் கதவு, பாங்கியில் நகை வைக்கும் அறைக்குப் போடுகிற கதவைப் போல அத்தனை கனம். உள்ளே எட்டிப் பார்த்தால், அரிசி மூட்டை, பழைய பெட்டிகள், கொலுப் பொம்மைகள் கட்டி வைத்த அட்டைப் பெட்டி, ஒரு துவைக்கும் இயந்திரத்தின் உடைந்த பாகம்!

"அது எங்க வீட்டுக் குண்டு அறை சார்" என்றார் சிநேகிதர் சிரித்துக்கொண்டே.

வேடிக்கையல்ல. 1990-களின் பிற்பகுதியிலிருந்து அந்நாட்டில் எழும்பும் புது வீடுகளில் இப்படி ஒரு கெட்டிக் காங்கிரீட் அறை இருந்தாக வேண்டும். அதற்கு 1997-இல் சட்டமே செய்திருக்கிறார்கள். அதன் சுவரை இஷ்டப்படி துளைக்க முடியாது. கதவைக் கழற்றவும் கூடாது. பூமிக்கடியில் ஓடும் ரயிலின் நிலையங்கள் பலவற்றையும் யுத்தம் வந்தால் ஜனங்கள் புகலிடமாகக் கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். சமாதான காலத்தில் அரிசி மூட்டை. ஆபத்துக் காலத்தில் மனிதர்கள். சூடு கண்ட பூனை என்று சொல்கிறோமல்லவா? அந்தச் சூடு எங்கே எப்போது பட்டது என்று பார்க்கத்தான் மறுநாள் புறப்பட்டேன்.

முதலில் போனது தியோங் பாரு என்னும் பேட்டைக்கு. 1930-களில் சிங்கப்பூர் அபிவிருத்தி டிரஸ்டு கட்டிய குடியிருப்பு அது. வளைந்த முகப்பும் வெள்ளைப் பூச்சும் கொண்ட அழகான கட்டிடங்கள்; இப்போது காப்பிக் கடைகளும் புத்தகக் கடையுமாக நாகரிகம் முற்றியிருக்கிறது. அங்கே குவான் சுவான் தெருவில் குதிரை லாடம் போல் வளைந்த ஒரு மாடிக் கட்டிடம். கதவு எண் 78. அதன் அடியில்தான், யுத்தத்திற்கு முன் பொது ஜனங்களுக்காகக் கட்டப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கும் ஒரே விமானத் தாக்குதல் காப்பிடம் இருக்கிறது. சாதாரண நாட்களில் பூட்டியே கிடக்கும். 2012-இல், சிங்கப்பூர் வீழ்ந்த எழுபதாவது வருஷ நினைவையொட்டி முதலில் திறந்து காட்டினார்கள். இப்போதும் குழுவாகப் போகிறவர்களுக்குத் திறந்து விடுகிறார்கள். அப்படி ஒரு குழுவுடன் நானும் சேர்ந்துகொண்டேன்.

உள்ளே பூச்சு இல்லாத செங்கல் சுவர்கள். தாழ்ந்த கூரை. அறைக்கு அடுத்து அறை, அதற்கு அடுத்து இன்னோர் அறை என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கிறது. காற்றுக்காகச் சுவரில் விட்ட துவாரங்கள். கைவிளக்கை அணைத்தால் அந்தத் துவாரங்களின் வழியே வெளிச்சம் காசு காசாகத் தரையில் விழுகிறது. மொத்தம் சுமார் 1,500 சதுர மீட்டர். 1,600 பேர் தங்கலாம் என்று கணக்கு. சமாதான காலத்தில் அதைக் குழந்தைகள் விளையாடும் இடமாக உபயோகிக்கலாம் என்பதும் கட்டியவர்களின் யோசனை. நல்ல யோசனைதான். பலே என்று சொல்லத் தோன்றியது.

வெளியே வந்து, மரத்தடியில் நின்று, மனத்துக்குள் சிறு கணக்கு ஒன்று போட்டேன். 1942 பிப்ரவரியில் மலாய் நாட்டிலிருந்து ஓடி வந்த அகதிகளையும் சேர்த்துச் சிங்கப்பூரில் சுமார் பத்து லட்சம் ஜனங்கள் இருந்தார்கள். இங்கே இடம் 1,600 பேருக்கு. மற்றவர்கள்?

மற்றவர்களுக்குப் பதில் அப்போதே தயாராக இருந்தது. இந்தத் தீவில் இரண்டு மூன்று அடி தோண்டினால் தண்ணீர் ஊறிவிடும்; ஆகையால் பதுங்கு குழி வெட்டுவது நடவாத காரியம். வெட்டினாலும் தண்ணீர் தேங்கிக் கொசு உண்டாகும். கொசுவால் மலேரியா பரவும். நெருக்கமான கடைத் தெருக்களில் வெட்டுவதற்கு இடமும் இல்லை. இவைதான் அதிகாரிகள் சொன்ன காரணங்கள். கடைகளுக்கு முன்னால் தூண்களுடன் கூடிய ஐந்தடித் தாழ்வாரங்கள் இருந்தன. மழை நீர் ஓடுவதற்கு ஆழமான சாக்கடைகள் இருந்தன. ஜனங்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டார்கள்.

காரணங்கள் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். தாழ்ந்த இடங்களில் தண்ணீர் ஊறுவது மெய்தான். ஆனால் தரைக்கு மேலே கட்டலாமல்லவா? மேட்டு நிலத்தில் குடையலாமல்லவா? மலாயா சேனையின் தலைமை இஞ்சினீயரான சிம்ஸன் என்பவர், தீவின் வடகரையில் அரண்கள் எழுப்ப வேண்டும் என்று 1941 டிசம்பரில் தம் சேனாதிபதி பெர்சிவலிடம் மன்றாடினார். அப்படிச் செய்தால் படைகளுடைய மனோதைரியமும் பொது ஜனங்களுடைய மனோதைரியமும் கெட்டுவிடும் என்று பதில் கிடைத்தது! அது அரண்களைப் பற்றிய பேச்சு, காப்பிடங்களைப் பற்றியதல்ல. இருந்தாலும் ஜனங்களைப் பற்றி மேலிடத்தில் என்ன நினைத்தார்கள் என்பது அதிலிருந்து தெரிகிறது. ஆபத்தைக் கண்ணால் காட்டிவிட்டால் பயந்துவிடுவார்கள், காட்டாமலிருப்பதே க்ஷேமம்!

மத்தியானம் கானிங் கோட்டை மலைக்குப் போனேன். நம்மவர்களுக்கு இந்த மலையை வேறு விதமாகவும் தெரியும். இதன் அடிவாரத்தில்தான் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. 1859-இல் நாட்டுக்கோட்டை நகரத்தார் எழுப்பியது. தைப்பூசத்தன்று காவடிகள் வந்து சேரும் இடம். நானும் முதலில் முருகனைத் தரிசித்துவிட்டுத்தான் மேலே ஏறினேன். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்பார்கள். இந்தக் குன்றின் வயிற்றுக்குள் பிரிட்டிஷ் சேனாதிபதியும் இருந்திருக்கிறார்.

பசும்புல் சரிவில் ஒரு சாதாரணக் கதவு. அதற்குப் பின்னால் படிகள். இறங்க இறங்க வெளியிலே கேட்ட பறவைகளின் சப்தம் நின்றுவிடுகிறது. சுமார் முப்பது அடி ஆழத்தில், நீண்டு குறுகிய நடைபாதையின் இரு புறத்திலும் முப்பது அறைகள் வரையில் இருக்கின்றன. நேராகக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி, ஏறத்தாழ மூன்று அடி கனத்துக்கு இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய காங்கிரீட் சுவர்கள். மின்சாரத்திற்குத் தனியாக யந்திரம். வெளிக் காற்றை இழுத்து உள்ளே அனுப்பத் தனி ஏற்பாடு. டெலிபோன் அறை, சங்கேதச் செய்திகளைப் பிரித்துப் படிக்கும் அறை, கடற்கரைப் பீரங்கிகளுக்கு இலக்குக் குறித்துக் கொடுக்கும் அறை, அவசரத்தில் தப்பி மேலேறுவதற்கு ஏணி வைத்த ஒரு கிணறு. 1930-களின் பிற்பகுதியில், யுத்தம் வருமுன்னரே, சாவகாசமாகத் திட்டம் போட்டுக் கட்டியது. இதைப் 'பாட்டில் பாக்ஸ்' என்று அழைக்கிறார்கள்.

நடைபாதையில் ஓரிடத்தில் நின்று சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் உள்ளே இருந்தவர்கள் சுகமாக இருந்துவிடவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பெர்சிவல் தம் தலைமை ஸ்தலத்தை இங்கே மாற்றியது 1942 பிப்ரவரி 11-ஆம் தேதி. ஜப்பானியர் தீவில் இறங்கி அப்போது மூன்று நாள் ஆகியிருந்தது. சில பேருக்காகக் கட்டிய இடத்தில் நூற்றுக் கணக்கான அதிகாரிகளும் சிப்பாய்களும் அடைந்தார்கள். உஷ்ணம், வியர்வை, துர்நாற்றம். மேலே எந்தச் சண்டை எங்கே நடக்கிறது என்பது சரியாகத் தெரியாது. அந்த நாலு நாட்களில் அங்கிருந்தவர்கள் யாருக்கும் தூக்கம் பிடித்திருக்காது.

கடைசியில் ஓர் அறை. ஒரு மேஜை, சுற்றிலும் நாற்காலிகள், அவற்றில் உட்கார வைத்த பொம்மை உருவங்கள். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சீனர்களின் புது வருஷப் பிறப்பன்று, காலையில் இந்த அறையில்தான் சரணாகதி அடைவதென்று முடிவு செய்தார்கள். குடி தண்ணீர் இன்னும் ஒரு நாளைக்குத்தான் தாங்கும் என்பது அவர்கள் முன்பிருந்த பெரிய கவலை. அன்று மாலை புக்கித் திமா சாலையிலுள்ள போர்டு மோட்டார்த் தொழிற்சாலையில், ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு, யாமஷிடாவின் முன்னிலையில் பெர்சிவல் கையெழுத்திட்டார்.

அந்தப் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெர்சிவல் இருக்கிறார். மூன்றாவது இந்தியப் படைக்குத் தலைவரான ஹீத் இருக்கிறார். ஆஸ்திரேலியப் படையின் கார்டன் பென்னெட் இருக்கிறார். இந்தியப் படையின் தலைவர் உண்டு. இந்தியர் ஒருவரும் இல்லை. மலாய்க்காரர் இல்லை, சீனர் இல்லை. பத்து லட்சம் ஜனங்களின் தலையெழுத்தை எழுதிய அறையில் அந்தப் பத்து லட்சத்தில் ஒருவருக்குக்கூட நாற்காலி போடவில்லை. சின்னாயாவின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17-ஆம் தேதி, பாரர் பூங்கா மைதானத்தில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை வரிசையாக நிறுத்தி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகளை வேறிடத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அந்த மைதானத்திலிருந்து பிறந்த கதை வாசகர்கள் அறிந்தது. 1943 அக்டோபர் 21-ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்திய சர்க்காரைப் பிரகடனம் செய்த காதே மாளிகை, இந்தக் கானிங் மலையின் அடிவாரத்திலிருந்து பத்து நிமிஷ நடை. ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்து ஜான்ஸி ராணிப் படையில் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் பலர், குண்டுக்குச் சாக்கடையில் ஒளிந்த அனுபவம் உள்ளவர்கள்தான். அதே சமயத்தில், சுமார் இரண்டு லட்சம் ஆசியத் தொழிலாளர்கள் சயாம் – பர்மா ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் மலாயாத் தமிழர்கள் ஏராளம். திரும்பி வராதவர்களும் ஏராளம். வெள்ளைக்காரன் போய் மஞ்சள் நிறத்தான் வந்ததால் கூலிக்காரனுக்குக் கூரை கிடைத்துவிடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

"லண்டனில் மட்டும் என்ன வாழ்ந்தது?" என்று யாராவது கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்வி. அங்கேயும் முதலில் கதவு அடைத்தேதான் இருந்தது. 1940 செப்டம்பர் 7-ஆம் தேதி ஜெர்மானியரின் குண்டு மழை தொடங்கிய போது, பூமிக்கடி ரயில் நிலையங்களை ஜனங்கள் காப்பிடமாக உபயோகிக்கக் கூடாது என்பதுதான் சர்க்காரின் கொள்கை. லண்டன் தொழிலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? மிகக் குறைந்த கட்டணத்தில் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். போனவர்கள் வெளியே வரவில்லை! போர்வையும் தேநீர்க் குடுவையும் குழந்தை குட்டிகளுமாகப் பிளாட்பாரத்திலேயே படுத்துவிட்டார்கள். சர்க்கார் பணிந்தது. அம்மாத இறுதியில் ஒரே இரவில் 1,77,000 பேர் அந்த நிலையங்களில் தூங்கியதாகக் கணக்கு. பிறகு அந்த ரயில் பாதைகளுக்கும் கீழே, தலைக்கு 8,000 பேர் கொள்ளக்கூடிய எட்டுப் பெரிய காப்பிடங்களைக் கட்டினார்கள்.

அங்கும் துயரம் இல்லாமல் போகவில்லை. 1943 மார்ச் 3-ஆம் தேதி இரவு பெத்னல் கிரீன் நிலையத்தின் படிக்கட்டில், ஒரு குண்டுகூட விழாமலே, இருட்டில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து 173 பேர் மூச்சு முட்டி இறந்தார்கள். எனினும் லண்டன்வாசிக்குத் தன் சர்க்காரின் சட்டையைப் பிடித்து உலுக்க ஒரு வழி இருந்தது. வாக்குச் சீட்டு இருந்தது, பத்திரிகை இருந்தது, பார்லிமெண்டு இருந்தது. தஞ்சோங் பகார் கூலிக்கு என்ன இருந்தது?

நம் சென்னைப் பட்டணத்தின் கதையும் நினைவுக்கு வந்தது. 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்ததும், சென்னையைக் காலி செய்து போகும்படி ஜனங்களுக்குச் சர்க்கார் யோசனை சொல்லியது. சர்க்காரே முன்னின்று வழிகாட்டிற்று. காரியாலயங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட்டுவிட்டன. ரயிலில் தொங்கிக்கொண்டும், மாட்டு வண்டியிலும், கால்நடையாகவும் ஜனங்கள் போனார்கள். மிருகக் காட்சி சாலையிலிருந்த சிங்கம், புலி முதலிய கொடிய பிராணிகளை, குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று பயந்து, சுட்டுக் கொன்றார்கள். எதிர்பார்த்த படையெடுப்பு வரவேயில்லை. ஓட முடிந்த மனிதர்களாவது பிறகு திரும்பி வந்தார்கள்.

சிங்கப்பூர்ச் சுரங்கத்தின் பிற்காலக் கதை சுருக்கமானது. யுத்தத்திற்குப் பின் அதைக் கவனிப்பார் இல்லை, பூட்டிக் கிடந்தது, இருக்கும் இடமே மறந்து போயிற்று. 1988-இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். 1997 ஜனவரி 31-ஆம் தேதி முதல் ஜனங்களுக்குத் திறந்து விட்டார்கள். கட்டி அறுபது வருஷம் ஆகுமுன்னமே சின்னாயாவைப் போன்றவர்கள் அதற்குள் நுழையலாம் என்று ஏற்பட்டுவிட்டது. ஆனால் அப்போது குண்டு விழவில்லை.

திரும்பி வந்த மறுநாளே தட்டாஞ்சாவடிக்குப் போனேன். கைப்பேசியில் எடுத்த படங்களைச் சின்னாயாவுக்குக் காட்டினேன். தியோங் பாருவின் செங்கல் சுவரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சிநேகிதர் வீட்டு இரும்புக் கதவையும் உள்ளே இருந்த அரிசி மூட்டையையும் பார்த்துச் சிரித்தார். மலைக்குள்ளிருந்த நடைபாதைப் படம் வந்ததும் கைப்பேசியைத் தாமே வாங்கிக்கொண்டு கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். அறைகளைப் பற்றியும், மேஜையைப் பற்றியும், நாற்காலிகளில் யார் யார் இருந்தார்கள், யார் யார் இல்லை என்பதைப் பற்றியும் நான் விஸ்தாரமாகப் பிரசங்கம் செய்தேன். அதில் அவருக்குச் சிரத்தை இருந்ததாகத் தெரியவில்லை.

"சுவத்தைத் தொட்டுப் பார்த்தியா?" என்று கேட்டார்.

"பார்த்தேன், ஆயா."

"ஈரமா இருந்திச்சா?"

"இல்லை. காய்ந்துதான் இருந்தது."

சின்னாயா கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தோண்டினா தண்ணி வந்துடும்னு அப்பா கிட்டே சொன்னாங்க. அப்பா அதை நம்பினார்" என்றார்.

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர், அடுப்பில் பால் இருக்கிறதா பார் என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.